நோன்புக்கு ஆகாத கேப்சூல்

நாற்காலியில் குறை ஒன்றும் இல்லை, ஐயா. நல்ல நாற்காலிதான். எனக்குத்தான் கை சும்மா இருந்தால் உடம்பு ஓரிடத்தில் நிலைக்காது. முப்பத்திரண்டு வருஷம் கடையில் நின்றே பழகியவள். அதனால் நடுவில் எழுந்து ஜன்னல்வரை போய்வந்தால் தப்பாக நினைக்காதீர்கள். ஓடுகிற வயசும் இல்லை, ஓடிப்போய் நிற்க எனக்கு வேறு ஊரும் இல்லை.

டைப் அடிக்கிற அம்மாவுக்குத் தோதாக மெதுவாக, ஒழுங்கான வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள். அப்படியே சொல்கிறேன். அவளை, இந்தச் செவஸ்தாவை, எனக்குத் தெரியும். இந்தச் சின்ன ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது. கன்னம் இரண்டும் நன்றாக உருண்டு சிவந்திருக்கிறது, ஆனால் கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்விட்டது, பாவம். காலையிலிருந்து எத்தனை கொட்டாவி. மேஜைக்கு அடியில் ஒரு ஜாடியை வைத்துக்கொண்டு உப்பு வெள்ளரிக்காயாக எடுத்துக் கடிக்கிறாள். தவக்காலத்தின் கடைசி வாரம், வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும். சாப்பிடட்டும். நான் காத்திருக்கிறேன்.

என் பெயர் அக்லாயா. நிகிஃபோரின் விதவை. வயது அறுபத்தொன்று. சந்தைக்குப் பக்கத்தில் மூலிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை காலை நீங்கள் சீல் வைத்தது அந்தக் கடைக்குத்தான். ஸம்ஃபிரா என்கிற பெண் இந்தத் தவக்காலத்தின் பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அதற்கு நான் காரணமா என்பது உங்கள் கேள்வி. காரணம்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை, அதற்காகத்தான் இவ்வளவு பேச்சு.

வலி என்றால் எங்கள் ஊரில் தையல் வலி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சட்டை தைக்கிற பெரிய தொழிற்சாலை இருந்ததே, அதில் முப்பது வருஷம் குனிந்த தலை நிமிராமல் தைத்த பெண்கள், அதை மூடியபோது கழுத்தும் தோளும் இடுப்புமாக வலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் களைப்பைப் பொறுக்க முடியாது என்பார்கள். காலையில் கண் விழிக்கும்போதே சாயங்காலம் ஆனது மாதிரி இருக்குமாம். டாக்டர் ரத்தம் எடுத்து, படம் எடுத்து, எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்புவார். அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் எல்லாரும் என் கடைக்கு வருவார்கள்.

நான் அவர்களுக்குக் கேப்சூல் கொடுப்பேன். காஞ்சொறி இலைத் தூள், மக்னீசியம், இந்தியாவிலிருந்து மூட்டையில் வருகிற மஞ்சள் தூள். நானே நிரப்புவேன். நூறு துளை போட்ட ஒரு பலகை இருக்கிறது. காலிக் கூடுகளை அதில் நிறுத்தி, தூளைக் கொட்டி, அட்டையால் வழித்து, மூடியை வைத்து அழுத்தினால் ஒரு தடவைக்கு நூறு. மத்தியானம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு அந்த வேலையில் உட்கார்ந்தால் எனக்கு மனசு அடங்கும். அதில் பொய் கிடையாது. பெரிய நன்மையும் கிடையாது. யாரையும் கெடுத்ததில்லை, யாரையும் எழுப்பி நடக்கவைத்ததும் இல்லை.

ஸம்ஃபிரா எனக்கு நாலு வயது இளையவள். சட்டைக் காலர் பிரிவில் இருந்தவள். கணவன் இல்லை, ஒரே மகன் இத்தாலியில் லாரி ஓட்டுகிறான். சந்தைக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுவாள். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். என் கடையில் ஒரு முக்காலி உண்டு, வந்தால் அதில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, உங்க புல்லைத் தின்னு தின்னு எனக்கு வால் முளைச்சிரும் போல, இன்னொரு டப்பா குடுங்க" என்பாள். கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்து இரண்டாம் வாரம் அவள் சிரிக்காமல் வந்தாள். தலை வாரியிருக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள். கையைத் தூக்கிக் காட்ட முயன்றாள், தோள் உயரம் வரைக்கும் வரவில்லை.

"சீப்பைப் பிடிக்க முடியலை அக்கா. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் காலர் வெச்சேன், என் தலையை என்னால வார முடியலை. உங்க மேல கோவம் இல்லை. ஆனா இது வெறும் புல்லுதான், இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

பின்னால் போய்ச் சீப்பை எடுத்துவந்து அவள் தலையை வாரிப் பின்னிவிட்டேன். அவள் அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு அவள்மேல் உண்மையாகவே பிரியம், ஐயா. இதையும் அந்த அம்மா அடிக்கட்டும்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிகிஃபோருக்கு நுரையீரல் போய்விட்டது. கடைசி மூன்று வருஷம் அவரை ஓட்டியது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. அதை எழுதிக்கொடுத்த நாளில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: இது உடம்பு தானே சுரக்கிற ஒன்று. வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு தான் சுரப்பதை நிறுத்திவிடும். நிறுத்தியபிறகு ஒரு நாள் மாத்திரையைச் சட்டென்று விட்டால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை; ஆள் விழுந்துவிடுவார். குறைக்க வேண்டுமானால் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதையெல்லாம் சிவப்பு எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, எப்போதும் பர்ஸில் வைத்திருக்கச் சொன்னார். நிகிஃபோர் அதைக் கேலி செய்வார். "பாத்துக்கோடீ, என் உயிரு பர்ஸுல இருக்கு. எவனாவது பர்ஸை அடிச்சான்னா கொலைக் கேஸுதான் அவன் மேல" என்பார்.

அவர் போனபிறகு அலமாரியில் எட்டுப் பெட்டி மாத்திரை மிஞ்சியது. எறிய மனசு வரவில்லை. ஸம்ஃபிராவின் தலையை வாரிவிட்ட அன்றைக்கு மத்தியானம், கடையைச் சாத்திவிட்டு, அவற்றில் கொஞ்சத்தை இடித்து மஞ்சள் தூளோடு கலந்து அவளுக்கு ஒரு டப்பா நிரப்பினேன். மஞ்சளின் நிறத்தில் எதுவும் மறைந்துவிடும்.

ஐந்தாம் நாள் அவள் ஓடிவந்தாள். ஓடி என்றால் ஓடித்தான். ஒரு மூட்டை உருளைக்கிழங்கை மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினாளாம். கடை நிறைய ஆள் இருக்கும்போது கல்லாவைச் சுற்றிவந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நிகிஃபோர் போனபிறகு என்னை யாரும் தொட்டதில்லை, ஐயா. கல்லாமேல் காசை வைப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் முகத்தைக் கழுவாமல் இருந்தேன்.

அதற்கப்புறம் நிறுத்துவது எப்படி. எட்டுப் பெட்டி தீர்ந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஆடுமாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் செம்மறிக்கு என்று சொல்லி அதே மருந்தை வாங்கினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். ஸம்ஃபிராவின் கன்னம் உருண்டது, முகம் சிவந்தது. கோவிலில் பெண்கள், "என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குற, இத்தாலியிலேர்ந்து மகன் மாப்பிள்ளை அனுப்பிச்சானா?" என்று கேட்டார்கள். "அக்லாயா அக்கா குடுக்குற புல்லுடி. குதிரையைக் கேளு, அது சொல்லும்" என்றாள். அந்தக் கோடை முழுக்க அவள் அப்படித்தான் சொன்னாள். எங்கே போனாலும் முதலில் என் பெயரைச் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எத்தனை பேருக்குக் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். இப்போதைக்கு ஒருத்தி என்று வையுங்கள். இந்தக் கதை ஒருத்தியுடையது.

அக்டோபரில் புனித பரஸ்கேவா திருநாள் வந்தது. யாஷ் நகரத்துக்குப் பஸ் போட்டுப் போனார்கள். அங்கே வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஸம்ஃபிரா பதினோரு மணி நேரம் நின்றாள், மழையில், ஒரு தடவைகூட உட்காராமல். புனிதவதியின் எலும்புகளை வைத்திருக்கிற பேழையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தாள். மறு ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது அழுதுகொண்டே சொன்னாள். புனிதவதி தன்னைக் குணப்படுத்திவிட்டாளாம். பேழையைத் தொட்டபோது தோளில் சூடாக ஒன்று இறங்கியதாம். வசந்தகாலத்திலேயே அவள் தன்னைத் தேடிவர ஆரம்பித்துவிட்டாளாம், தனக்குத்தான் புத்தி இல்லாமல் தெரியவில்லையாம்.

நான் அவளுக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். என்னை அவள் பார்க்கவில்லை. வேண்டுமென்று செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பதினோரு மணி நேரம் நின்றாளே, அது யார் கொடுத்த கால். உழுதவள் ஒருத்தி, அறுவடையைக் கொண்டுபோய் இன்னொருத்தி வாசலில் கொட்டினால் வயிறு எரியாதா. எனக்கு எரிந்தது. புனிதவதி மேல் எரியவில்லை, நான் மதம் தெரியாதவள் இல்லை. முற்றத்தில் நின்ற அந்த ஐம்பது பேர் எங்களுக்கு நடுவில் புகுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்களே, அதுதான் என்னை உறங்கவிடவில்லை. அன்றிலிருந்து எனக்கு இந்த இருப்புக்கொள்ளாமை. கடையில் நின்றால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும்.

கேப்சூல் வாங்குவதை அவள் நிறுத்தவில்லை. ஆனால் முக்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். வந்து, வாங்கிக்கொண்டு, "வரேன் அக்கா, பாட்டுப் பயிற்சி இருக்கு" என்று போய்விடுவாள்.

தவக்காலத்துக்கு முந்தைய வாரம். வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் தீர்க்கிற வாரம். கடையில் கூட்டம். நோன்புக்கு ஆகும் பிஸ்கட், நோன்புக்கு ஆகும் சாக்லேட் என்று ஒவ்வொருத்தியும் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். பால் பொடி கலந்திருக்கிறதா, முட்டை கலந்திருக்கிறதா என்று. ஸம்ஃபிரா தன் இரண்டு டப்பாவை எடுத்தாள். நான் அப்போது ஒரு உண்மையைச் சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

"இதோட கூடு எதுல செய்யறாங்க தெரியுமா, ஸம்ஃபிரா? ஜெலட்டின். பன்னித் தோலு, மாட்டு எலும்பு, அதைக் கொதிக்க வெச்சு எடுக்கிறது."

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவளுடைய கீழ்வீட்டு மினோதோரா, வாயாடி, "போச்சு. பத்து மாசமா பன்னியை முழுசா முழுங்கிருக்க. நரகத்துல உனக்குத் தனி அடுப்பு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸம்ஃபிரா சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவள் ரொம்பக் கண்டிப்பு. நோன்பில் எண்ணெய்கூடச் சேர்க்காதவள்.

அவள் நேராகச் சாமியார் இலாரியோனிடம் போனாள். அவர் நல்ல மனிதர், அவரிடம் தப்பே இல்லை. நோயாளிக்கு மருந்து மருந்துதான், அது உணவில் சேராது, தாராளமாகச் சாப்பிடலாம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறார். இதே பதிலை அவர் ஊரில் பத்துப் பேருக்குச் சொன்னார், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஸம்ஃபிரா மட்டும் அவரிடம் ஒன்று கேட்டாள்: "நான் நோயாளி இல்லையே சாமி. என்னைத்தான் புனிதவதி குணமாக்கிட்டாளே. இன்னும் மருந்து சாப்பிட்டா அவளை நம்பலைன்னு ஆகாதா?" அவர் என்ன சொல்வார். உன் மனசு சொல்கிறபடி செய் என்றார்.

சனிக்கிழமை காலை அவள் என் கல்லாமேல் இரண்டு டப்பாவையும் திருப்பி வைத்தாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"ஏழு வாரம் வேணாம் அக்கா. ஈஸ்டருக்கு அப்புறமும் வேணாம்னு நினைக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க புல்லு இல்லாம நடக்கிறேனா இல்லையா, நீங்களே பாருங்க."

நான் பார்க்கிறேன் என்றேன்.

ஐயா, இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அட்டையில் சிவப்பு எழுத்தில் இருந்தது எனக்கு மறக்கவில்லை. என் முன்னால் மூன்று வழி இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். தூளைத் தேநீர் என்று சொல்லிப் பொட்டலமாகக் கொடுத்து, மாதக் கணக்கில் குறைத்துக்கொண்டே வந்திருக்கலாம். மூன்றாவது, செடியில் செய்த கூடு. அப்படி ஒன்று உண்டு. பைன் மரத்திலிருந்து எடுப்பது, நோன்புக்கு முழுக்க ஆகும். மொத்த வியாபாரி ஜனவரியிலேயே அனுப்பிவிட்டார், நான்தான் கேட்டு வரவழைத்தேன். ஆயிரம் கூடு, பிரிக்காத பை, கல்லாவின் கீழ் இழுப்பறையில் இருந்தது. அவள் டப்பாவை வைத்தபோது என் முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது.

நான் நினைத்தது இதுதான். நாலு நாள் போகட்டும். வலி திரும்பும். சீப்பைத் தூக்க முடியாது. தலை வாராமல் வருவாள், முக்காலியில் உட்காருவாள், அக்கா, எல்லாம் உங்க கேப்சூல்தான் என்று ஒரு வார்த்தை சொல்வாள். அப்போது இழுப்பறையைத் திறப்பேன். இதில் கொலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

திங்கள் நோன்பு ஆரம்பித்தது. செவ்வாய் நன்றாக நடந்தாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புதன் கொஞ்சம் மெதுவாக நடந்தாள். வியாழன் காய்கறிக் கடை முன்னால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வருவாள் என்று நான் முக்காலியைத் துடைத்துவைத்தேன். மினோதோராதான் வந்தாள். "அந்தப் பாட்டுக்காரி நோன்பு இருந்து இருந்து பல்லியா போயிட்டா. ஒரு கரண்டி எண்ணெய் ஊத்திக்கடின்னா கேக்கலை" என்றாள். ஊர் முழுக்க அதையே சொன்னது. நோன்பு அசதி, முதல் வாரம் அப்படித்தான். வேறு ஊராக இருந்தால், வேறு மாதமாக இருந்தால், ஒரு பெண் நாலு நாளில் இப்படி வாடுவதைப் பார்த்து யாராவது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இங்கே புண்ணியம் என்றார்கள்.

சனி, ஞாயிறு கோவிலுக்கு வந்தாள், பாடவில்லை, சுவரில் சாய்ந்திருந்தாள். நான் போகவும் வரவும் அவள் கண்ணில் படுகிற மாதிரி நின்றேன். தலையை ஆட்டிச் சிரித்தாள், அவ்வளவுதான். கடைக்கு வருவதும், பூட்டிக்கொண்டு சந்தையைச் சுற்றுவதும், திரும்பத் திறப்பதும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை பூட்டியிருப்பேன்.

ஒன்பதாம் நாள் நானே போனேன். பீன்ஸை மசித்து மேலே பச்சை வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டேன். படியில் மினோதோரா, "என்ன அக்கா, கடையை விட்டு இறங்கி எங்க படியேறி வந்திருக்கீங்க. மாடிப்படி பாக்கியம் பண்ணிருக்கு" என்றாள். ஸம்ஃபிரா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு கூஜா நிறைய முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீர். கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். வாந்தி வந்தாலும் மறுபடி அதையே கேட்டாள்.

"உப்பு மேல அப்படி ஒரு ஆசை அக்கா. மாசமா இருந்தப்பகூட இப்படி இல்லை. கல்லு உப்பைக் குடுத்தாலும் நக்குவேன்."

நிகிஃபோருக்கு ஒரு தடவை மருந்துக்கடையில் மாத்திரை கிடைக்காமல் ஆறு நாள் தள்ளிப்போயிற்று. அப்போது அவரும் இப்படித்தான் உப்பு மீனுக்காக அழுதார். அதனால் எனக்கு அது புதிது இல்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள் வாக்கில் இந்த உப்பு ஆசை வரும். அதற்கு மேல் ரொம்ப நாள் இல்லை.

என் கோட்டுப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. செடிக் கூட்டில் நிரப்பிய கேப்சூல் இருபது. அன்று காலையில்தான் நிரப்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் மனசு எப்படிப்பட்டது என்பதற்கு இது சாட்சி. நான் அதைக் கொடுக்கத்தான் போனேன். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்கிட்டேர்ந்து ஏதாவது வேணுமா, ஸம்ஃபிரா? வாய் திறந்து கேளு, செய்யறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் இன்னொரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"எனக்காகப் புனிதவதிகிட்ட ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க அக்கா" என்றாள்.

நான் சரி என்றேன். கிண்ணத்தை அடுக்களையில் வைத்தேன். பொட்டலத்தோடு படி இறங்கினேன். போகிற வழியில் கோவிலுக்குள் போய் மெழுகுவத்தியும் ஏற்றினேன். அவள் கேட்டதைச் செய்தேன், வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் மினோதோரா கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு நான் ஓடினேன். வண்டியில் யார் ஏறுகிறீர்கள் என்றார்கள், நான் ஏறினேன். அவள் கைப்பையை மடியில் வைத்திருந்தேன். அவள் கண் பாதி திறந்திருந்தது, பேச்சு இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர், மகன் மாதிரி இருந்தார். ரத்த அழுத்தம் பார்க்கிறார், மறுபடி பார்க்கிறார், காரணம் புரியாமல் தவிக்கிறார். என்னிடம் வந்தார். எனக்கு அந்த முகம் மறக்காது.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இவங்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்களா? ரொம்ப நாளா? சமீபத்துல நிறுத்தினாங்களா?"

சரியான கேள்வி. நல்லா படித்த பிள்ளை. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு ஊசி போட்டிருப்பார். நிகிஃபோருக்கு அப்படித்தான் போட்டார்கள், ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். நான் யோசித்தேன், ஐயா. சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் கண் விழிப்பாள். அக்லாயா மருந்து கலந்தாள் என்று தெரிந்துகொள்வாள். அப்புறம் அவள் என் முகத்தில் விழிப்பாளா. அந்தக் கோடை முழுக்க என் பெயரைச் சொன்ன வாய் இனிமேல் எப்படிச் சொல்லும். அவள் பிழைத்து எனக்கு இல்லாமல் போவாள்.

"ஒண்ணும் இல்லை டாக்டர். வெறும் மூலிகைதான். அதையும் நோன்புக்காக விட்டுட்டா" என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்குப் போய்விட்டாள். அடக்கத்துக்கு வழக்கப்படி நான்தான் கோதுமை அவித்துச் சர்க்கரை போட்டு எடுத்துப்போனேன். மினோதோரா, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத மாதிரி இருக்கு" என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவளுக்கு எதுவும் தெரியாது, பொறாமையில் சொன்னாள். என் கண்ணீர் பொய் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த மகன் அம்மாவின் குளிர்காலக் கோட்டுப் பையில் ஒரு பழைய டப்பாவைக் கண்டுபிடித்து, எங்கேயோ கொடுத்துச் சோதித்துப் பார்த்து, உங்களிடம் வந்தான். நல்ல பையன். அம்மா இருக்கும்போதும் அவ்வளவு அக்கறையாக வந்திருக்கலாம்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஸம்ஃபிராவுக்குத் தெரியாமல் மருந்து கொடுத்தது நான். நிறுத்தினால் சாவாள் என்று தெரிந்தும் நிறுத்தவிட்டது நான். கூட்டைப் பற்றிச் சொல்லி அதைத் தொடங்கிவைத்ததும் நான்தான். டாக்டரிடம் மறைத்தது நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

இருங்கள். இன்னும் முடியவில்லை. எத்தனை பேர் என்ற கேள்விக்கு இப்போதைக்கு ஒருத்தி என்று சொன்னேன். கடையில் எடுத்துப்போன டப்பாக்களைச் சோதிக்க அனுப்பியிருப்பீர்கள், பண்டிகை முடிந்துதான் பதில் வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஸம்ஃபிரா அந்தக் கோடையில் ஊர் பூரா என் பெயரைச் சொன்னாள் அல்லவா. எல்லாரும் வந்து அதே டப்பாவைக் கேட்டார்கள். அவளுக்கு ஒன்று, மற்றவளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. முப்பத்தொன்பது பேர். எல்லாரும் தையல்காரிகள், குமாஸ்தாக்கள், முதுகு போனவர்கள். சாமியார் சாப்பிடலாம் என்று சொன்னதால் அவர்கள் தவக்காலத்திலும் விடவில்லை. நல்லபடியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நீங்கள் சீல் வைத்தீர்கள். அன்று எல்லாரும் டப்பா வாங்குகிற நாள், பழையது அதோடு தீர்ந்திருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், இன்று புதன். ஆறு நாள். காலையிலிருந்து நான் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் அலைவது இதனால்தான். தெருவில் யாராவது தலை வாராமல் வருகிறார்களா என்று பார்க்கிறேன்.

டைப் சத்தம் நின்றுவிட்டது. என்னைப் பார்க்காதே, செவஸ்தா, நீ மேலே அடி. அந்த ஜாடி கீழே விழுந்துவிடப் போகிறது.

பெயர்களைச் சொல்லமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன், ஐயா. முப்பத்தொன்பதும் என் மனசில் இருக்கிறது, எழுதிக்கூட வைத்ததில்லை. நீங்கள் சத்தம் போட வேண்டாம். சீலை உடையுங்கள், என்னைக் கல்லாவுக்குப் பின்னால் என் இடத்தில் நிற்கவிடுங்கள். அவர்கள் ஒவ்வொருத்தியாக வரட்டும். முக்காலியில் உட்கார்ந்து, அக்லாயா அக்கா, எல்லாம் உங்களாலதான் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இதோ, இந்த அம்மாவே ஆரம்பிக்கலாம். நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வாய் திறந்து கேட்ட யாருக்கும் நான் இதுவரை இல்லையென்று சொன்னதில்லை.